ஒரு வெட்டு, இரண்டு துண்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது. ஜெல்லுக்கு மின்சாரம் கொடுத்த நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் நோட்டில் குறிப்பது எங்கள் வேலையில் பழக்கம். அதனால் என் வீட்டில் தப்பு தொடங்கிய நேரத்தை என்னால் நிமிஷத்தோடு சொல்ல முடிகிறது. நோட்டில் இருப்பது என் மகளின் கையெழுத்து: ‘11.20. நிறுத்தினேன். இரண்டு கோடு.’ இரண்டு என்பதன் கீழே அவள் அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில், பென்சிலில், வேறு கையெழுத்தில் ஓர் ஆச்சரியக்குறி. அது எங்கள் லேப் தலைவரான மேடம் போட்டது.

அந்த ஆச்சரியக்குறியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது 2001, பிப்ரவரி. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். மர்பி டவுனில் வீடு. மாலைக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு 1991-இல் வேலைக்குச் சேர்ந்தவன். உயிரணுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. டிஎன்ஏ இழை மிக நீளம், மிக மெலிசு. குழாயைக் குலுக்கினாலோ குறுகிய முனை வழியாக வேகமாக உறிஞ்சினாலோ அறுந்துவிடும். எனக்குக் கை மெதுவு என்று பெயர். திரவத்தை உறிஞ்சும் பிப்பெட்டில் மாட்டுகிற ‘டிப்பு’ என்ற பிளாஸ்டிக் முனைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி வாயை அகலமாக்கிக்கொள்வேன். குழாயைக் குலுக்காமல், தூங்கும் குழந்தையைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டுவேன். வேலை நடக்கும்போது பேச மாட்டேன், ஃபேன் போட விடமாட்டேன். மற்ற லேப்களிலிருந்தும் சாம்பிளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

அந்தப் பெயர் எனக்குச் சும்மா வரவில்லை. 1992-இல், அப்போது எங்கள் லேப் தலைவராக இருந்த சார் ஓர் ஈஸ்ட்டை என்னிடம் கொடுத்தார். ஆனேக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் அழுகிக் கிடந்த திராட்சையிலிருந்து எடுத்தது. எங்கள் பட்டியலில் அதன் எண் நாற்பத்தொன்று. அதன் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டிஎன்ஏவை எடுத்து ஓர் என்சைமால் வெட்டிப் பார்க்கச் சொன்னார். உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாகச் சொந்த டிஎன்ஏ உண்டு. அது வட்டமாக இருக்கும் என்றுதான் நாங்கள் எல்லாரும் படித்திருந்தோம். நான் பயன்படுத்திய என்சைம் அதை ஒரே ஓர் இடத்தில்தான் வெட்டும். வளையலை ஓர் இடத்தில் வெட்டினால் ஒரே துண்டு கிடைக்கும். ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சினால் துண்டுகள் அளவுவாரியாகப் பிரிந்து கோடுகளாக நிற்கும்; எனக்கு ஒரு கோடு தெரிய வேண்டும்.

எனக்கு இரண்டு கோடு வந்தது.

மறுபடி செய்தேன். இரண்டு. மூன்றாம் முறையும் இரண்டு. படத்தை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். லேப் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர் படத்தை ஒரு முறை பார்த்தார், என் கையை ஒரு முறை பார்த்தார்.

“கையா இது, உலக்கையாப்பா? வட்டத்த உடைச்சு எடுத்துக்கினு வந்து என்கிட்ட காட்றியே!”

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வருஷத்துக்கு எனக்கு உலக்கை என்றே பெயர். அந்த ஈஸ்ட்டின் குப்பிமேல் ‘உடைகிறது’ என்று எழுதி ஃப்ரீஸரின் அடித்தட்டில் போட்டேன். அன்றைய படங்களில் ஒன்றை மட்டும் கிழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோவில் என் சான்றிதழ்களோடு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்லலாம். கை உடைத்ததென்றால் கண்ட இடத்தில் உடையும். ஜெல்லில் சுண்ணாம்பை விரலால் இழுத்த மாதிரிப் படலமாகத் தெரியும். என் படத்தில் இருந்தவை பிளேடால் கீறிய மாதிரி இரண்டு சுத்தமான கோடுகள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். சாரிடம் சொல்லத் தைரியமில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த பயிற்சி மாணவர்களில் எத்தனை பேரை நானும் உலக்கை என்று திட்டியிருக்கிறேன்.

சார் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு மேடம் வந்தார்கள். மைசூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். சென்னையில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், நடுநடுவே கன்னடம் வரும். என் மகள் எம்.எஸ்ஸி. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேடத்துக்கே கடிதம் எழுதி இடம் வாங்கிவிட்டாள். “உங்க சிபாரிசுல வந்தேன்னு பேர் வேணாம்ப்பா” என்றாள். பெருமையாக இருந்தது என்று வெளியே சொன்னேன்.

ஜனவரியிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே கட்டடத்தில் இறங்கினோம். உள்ளே போனதும் அவள் மேடத்தின் ஆள். என்னிடம் பத்து வருஷமாக இருந்தது பொத்தான் தேய்ந்த ஒரு பொதுப் பிப்பெட். அவளுக்கு வந்த இரண்டாவது வாரமே மேடம் தன் பிப்பெட்டைக் கொடுத்து, அதில் நீல டேப் ஒட்டி, “இது உன்னது, யாருக்கும் தராத” என்றார்கள். மதியம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். என் மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதம் மேடத்தின் தட்டிலும், மேடத்தின் பிஸிபேளேபாத் என் மகளின் தட்டிலும் இருந்தன. நான் ஒரு மேஜை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டேன். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா என்று தெரியவில்லை. கூப்பிடவில்லை.

ஸ்டோர்ஸில் இருந்தவர் நீலசந்திராக்காரர், வாய் சும்மா இருக்காது.

“இன்னா சார், பொண்ணு வந்ததும் உங்க கடையில வியாபாரம் படுத்துக்கிச்சா? டிப்பு வாங்கறதுக்குக்கூட அவங்கதான் வராங்க.”

“சின்னப் பொண்ணு, கத்துக்கட்டும்” என்றேன்.

“மேடம் தத்து எடுத்துக்கினாங்கன்னு பேசிக்கிறாங்க சார். கையெழுத்து எதுனா போட்டுக் குடுத்துட்டீங்களா?”

சிரித்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க அது காதிலேயே இருந்தது.

வீட்டிலும் ‘மேடம் சொன்னாங்க’தான். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, டீ.வி. பார்க்கும்போது. “உங்க பொண்ணுதான, நல்லா வரட்டுமே, ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?” என்று மனைவி கேட்டாள். தலைவலி என்றேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. மேடம் அவளுக்கு ஃப்ரீஸரின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தது நாற்பத்தொன்று. குப்பிமேல் நான் எழுதிய ‘உடைகிறது’ அழிந்துபோயிருந்தது. அவளுக்கும் இரண்டு கோடு. நோட்டைப் பார்த்துவிட்டு நான் அப்படியே நின்றேன். மேடத்தின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பேச்சு கேட்டது.

“வளையலா இருந்தா ஒரு வெட்டுக்கு ஒரு துண்டு. நூலா இருந்தா?”

“ரெண்டு துண்டு, மேடம்.”

“அப்போ?”

“இது வட்டமே இல்லியா மேடம்? நேரா இருக்கா?”

“இருக்கலாம். இப்படி நேரா வெச்சிருக்கிற ஈஸ்ட் கொஞ்சம் இருக்கு. இதோட சொந்தக்கார ஈஸ்ட்டுங்கள்ல அக்கா வீட்ல வட்டம், தங்கச்சி வீட்ல கோடு. எப்பவோ வெளியிலேர்ந்து ஒரு சின்ன டிஎன்ஏ துண்டு உள்ள நுழைஞ்சு வட்டத்தத் தொறந்துவிட்டு, தன் வாலையே ரெண்டு முனைக்கும் குல்லா மாதிரி மாட்டிட்டு இருந்திருக்கலாம். நிச்சயமாத் தெரியாது. முனைன்னு ஒண்ணு வந்துட்டா அதக் காப்பாத்தணும். இல்லாட்டி ஒவ்வொரு தடவ நகல் எடுக்கும்போதும் தேஞ்சுக்கிட்டே போகும். இது காப்பாத்திக்கிட்டு இருக்கு, பாரு.” கொஞ்சம் நிறுத்தி மேடம் சொன்னார்கள்: “நல்ல கை உனக்கு. இவ்ளோ சுத்தமா யாரும் எடுக்க முடியாது.”

நல்ல கை. அதே ஈஸ்ட். அதே இரண்டு கோடு. எனக்கு உலக்கை, அவளுக்கு நல்ல கை.

ஊரில் தகப்பன்மார்கள் மகளைக் கட்டிக்கொண்டு போகிறவன்மேல் பொறாமைப்படுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் பொறாமைப்பட்டது மேடத்தின்மேல் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். இல்லை. நான் பெற்ற பெண்மேலேயே. இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் மதியம் நூலகத்துக்குப் போன நேரம் பார்த்து மேடத்தின் அறைக்குப் போனேன். மேடம் கூப்பிடவில்லை. நானாகப் போனேன்.

“மேடம், என் பொண்ணுன்னாலும் சொல்லணும். அது கை முரடு. அந்த ஈஸ்ட்ட எனக்குத் தெரியும். அதுல ஒரு பலவீனமான இடம் இருக்கு, முரட்டுக் கை பட்டா அங்கதான் உடையும். எப்பவும் ஒரே இடம். அதான் சுத்தமாத் தெரியுது.”

“ஹௌதா, அப்படியா? நீங்க எடுத்திருக்கீங்களா?”

“எடுத்திருக்கேன் மேடம்.”

“எத்தன கோடு?”

“ஒண்ணு” என்றேன்.

மேடம் என் கையைப் பார்த்தார்கள். சார் பார்த்த மாதிரி இல்லை. மரியாதையோடு பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் டிஎன்ஏ விஷயத்தில் என் கைக்கு மேல் சாட்சி கிடையாது. நோட்டை இழுத்து, தான் போட்ட ஆச்சரியக்குறியை ரப்பரால் அழித்தார்கள். அழிக்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மேடம் அவளை நாற்பத்தொன்றை விட்டுவிட்டு வேறொரு சாதாரண ஈஸ்ட்டை எடுத்துக் கை பழகச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

“மேடம்கிட்ட நீங்க ஏதாச்சும் சொன்னீங்களாப்பா?”

“கேட்டாங்க, சொன்னேன். உன் நல்லதுக்குத்தான் கண்ணு. தப்பா ஒண்ண எழுதிட்டு நாளைக்கு நாலு பேர் சிரிக்கக் கூடாதுல்ல?”

“என் கை முரடா?”

“பழகினா வந்துரும்.”

அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வயசுப் பெண், குழந்தையில் நடக்கப் பழகும்போது கீழே விழுந்து கையைப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

அதற்குப் பிறகு அவளுக்கு நிஜமாகவே கை நடுங்க ஆரம்பித்தது. குழாய் மூடி தவறி விழுந்தது. ஒரு நாள் ஜெல்லைத் தூக்கும்போது இரண்டாகக் கிழிந்தது. லேபில் இருந்த மாணவர்கள் யாரும் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டார்கள். அது இன்னும் மோசம். மார்ச் நடுவில் லேபுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஓசூர் ரோட்டில் ஒரு கால் சென்டரில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அப்போது பெங்களூரில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் வேலை. மே கடைசிக்குள் ப்ராஜெக்ட் எழுதிக் கொடுக்காவிட்டால் எம்.எஸ்ஸி. இல்லை. அதைக் கேட்டால், “டிகிரி இல்லாமயே எடுத்துக்கறாங்கப்பா” என்று சிரித்தாள். வேலைக்காகக் கற்றுக்கொண்ட சிரிப்பு அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி அடுப்படியிலிருந்து மகளைக் கூப்பிட்டு, “கொஞ்சம் அந்த எண்ணெயப் புட்டியில ஊத்திக் குடு” என்றாள்.

“நீயே ஊத்திக்கோம்மா. என் கை முரடு, சிந்திடும்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். கண்ணு தெரியாதவர்கள் ‘எனக்குக் கண்ணு தெரியாது’ என்று சொல்வார்களே, அப்படி. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று தப்படியில் பீரோ. பீரோவுக்குள் அந்தப் படம். எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்காததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருவேளை நான் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால்? 1992-இல் என் கை முரடுதானே. இப்போதைய கையால் எடுத்தால் ஒரு கோடு வரலாம். வந்துவிட்டால் நான் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதாவது, என் மகளின் கை நிஜமாகவே முரடாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஏப்ரலில், யாருக்கும் சொல்லாமல், நாற்பத்தொன்றை வளர்த்தேன். இரண்டு நாள் வேலை. முனைகளை வழக்கத்தைவிட அகலமாக நறுக்கினேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு புரட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எதையும் தொட்டதில்லை. என்சைம் போட்டு ஓடவிட்டு, சனிக்கிழமை காலை ஆள் இல்லாத லேபில் புற ஊதா விளக்கின்மேல் ஜெல்லை வைத்தேன்.

இரண்டு கோடு. பிளேடால் கீறிய மாதிரி.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன். என் கை உலக்கை இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. வட்டம் என்று எழுதி வைத்திருந்தது நாங்கள்தான், அந்த ஈஸ்ட் அதைப் படித்ததில்லை. யாராவது இருந்திருந்தால் கத்தியிருப்பேன். அடுத்து வந்ததுதான் கேவலம். ‘இதை முதலில் பார்த்தவன் நான்’ என்பது.

திங்கட்கிழமை பீரோவிலிருந்து பழைய படத்தை எடுத்துக்கொண்டு, புதுப் படத்தையும் சேர்த்து மேடத்தின் மேஜைமேல் வைத்தேன். பஸ் முழுக்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். என் மகள் செய்தது சரி என்று தொடங்க வேண்டும் என்று பாடம் போட்டு வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

“மேடம், இத நான் முன்னாடியே பாத்துட்டேன். ஒம்போது வருஷம் முன்னாடியே.”

மேடம் பழைய படத்தைத் திருப்பினார்கள். பின்பக்கம் தேதியும் நாற்பத்தொன்று என்ற எண்ணும் என் கையெழுத்தில் இருந்தன. படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

“முன்னாடியே பாத்தீங்கன்னா, பிப்ரவரியில ஏன் ஒண்ணுன்னு சொன்னீங்க?”

மேடம் புதுப் படத்தைப் பழையதன் பக்கத்தில் நகர்த்தினார்கள்.

“ஒரு கைல ரெண்டு கோடு வந்தா கையச் சந்தேகப்படலாம். ரெண்டு கைல, ஒம்போது வருஷ இடைவெளியில, அதே இடத்துல அதே ரெண்டு கோடுன்னா? உங்க படம் அன்னிக்கே என் மேஜையில இருந்திருந்தா, உங்க பொண்ணு இப்ப இங்க இருந்திருப்பா. அது தெரியுமல்வா உங்களுக்கு?”

“தெரியும் மேடம்.”

“அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. இழுப்பறையைத் திறந்து அந்த நீல டேப் ஒட்டிய பிப்பெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். யாருக்கும் தராமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

“மே மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. நீங்களே போய்க் கூப்பிடுங்க.”

என்னால் முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். ரசம் வேணுமா என்று மனைவி கேட்டாள். கடைசியில் ஒரு காகிதத்தில், ‘மேடம் உன்னை வரச் சொன்னார்கள், உன் இரண்டு கோடும் சரி’ என்று மட்டும் எழுதி அவள் கைப்பையில் வைத்தேன். எப்படிச் சரி என்று தெரிந்தது என்பதை எழுதவில்லை.

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. நான் ஜன்னல் வழியாக வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர்ஸ்காரர் கடந்து போகும்போது, “இன்னா சார், மழைக்கா காத்துக்கினு இருக்கீங்க?” என்றார். அவரோடு சிரிக்க முடியவில்லை. என் கை நடுங்குவதை அன்றுதான் முதலில் கவனித்தேன். அது இன்றுவரை நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் டிஎன்ஏ எடுத்துக் கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வந்தாள். கழுத்தில் கால் சென்டர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நேராக மேடத்திடம் போனாள். மேடம் விளக்குப் பெட்டியின்மேல் மூன்று படங்களையும் வரிசையாக வைத்துவிட்டு விலகி நின்றார்கள். நான் கதவருகே நின்றேன்.

அவள் முதலில் தன் படத்தைப் பார்த்தாள். என் ஏப்ரல் படத்தைப் பார்த்தாள். ஸ்கேலை எடுத்துக் கோடுகளின் இடைவெளியை அளந்தாள். மூன்றாவதாகப் பழைய படத்தைக் கையில் எடுத்தாள். விளிம்பு பழுப்பேறிய படம். திருப்பித் தேதியைப் படித்தாள். என் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா. பிறகு, எனக்கு விளங்காத ஒரு காரியம் செய்தாள். படத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

எங்கள் பீரோவில் எல்லாத் துணிக்கும் எல்லாக் காகிதத்துக்கும் அந்துருண்டை வாசனைதான். அவளுடைய பட்டுப்பாவாடைக்கும் அதே வாசனைதான்.

அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டாள், ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டு. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

“இத்தன நாளும் நம்ம பீரோவுலயாப்பா இருந்துச்சு?” என்றாள்.